ஆமைக் காரின் இடது சட்டம்

“…ஜாடி ஒடைஞ்சுதுன்னா, யாரு ஒடைச்சதுன்னு நாங்க முதல்ல கேக்க மாட்டோம் மேஸ்திரி. ஒடைஞ்ச வாயத்தான் பாப்போம். அது சொல்லிடும்” என்றார் அஞ்சலை.

என் டிங்கரிங் ஷெட்டில் நின்று சொன்னார். மத்தியான வெயில். புடவையிலும் புருவத்திலும் பீங்கான் கம்பெனியின் வெள்ளை மண். இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்து என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதுதான் கஷ்டம்.

இப்போது ஷெட்டை நடத்துகிற தம்பிகளே, போன ஆயுத பூஜைக்கு என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்கள். புதிதாகச் சேர்ந்திருந்தவர்களுக்கு உங்களில் ஒருவர் ஆமைக் கார் கதையைச் சொன்னார். “தன் தப்பத் தானே ஊருக்கு முன்னால ஒத்துக்கிட்டவரு எங்க மேஸ்திரி. இந்தக் காலத்துல யாரு செய்வாங்க?” என்றார். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் பொரியை மென்றபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பொரி இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எட்டாங் கிளாஸைத் தாண்டாதவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யாரிடமும் முறையாகத் தொழில் கற்கவில்லை. நாலு ஷெட்டில் நின்று பார்த்துக் கற்றேன். பேச்சும் அப்படித்தான். வருகிறவர்கள் போகிறவர்கள் சொல்லுகிற நல்ல வார்த்தைகளைப் பொறுக்கிக்கொள்வேன். ஷெட்டின் தகரச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைப்பேன். ‘பிரேக்கு புடிக்கிறவன் டிரைவரு இல்ல, புடிக்க வேண்டாத மாதிரி ஓட்றவன்தான் டிரைவரு’ என்று வேப்பூர் லாரிக்காரர் ஒருவர் சொன்னது அங்கே இருந்தது. ‘ஓட்ட ஒடைச்சாத்தான் பருப்பு சொத்தையா இல்லியான்னு தெரியும்’ என்று ஒரு முந்திரி வியாபாரி சொன்னதும் இருந்தது. டெண்ட் எடுக்க வந்தவர்கள் வண்டியை விட்டுவிட்டுச் சுவரைப் படித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அதில் பெருமை. அந்தப் பெருமையும் இந்தக் கதையில் ஒரு குற்றவாளி.

ஆமைக் கார் என்று ஊரே கூப்பிட்ட அந்த வண்டி, வெள்ளைக்காரன் நாட்டில் செய்து கப்பலில் வந்தது. முதுகு உருண்டு, முன்கண் இரண்டும் பிதுங்கி, பார்க்க ஆமை மாதிரியே இருக்கும். ஊறுகாய் ஜாடி செய்கிற ஒரு பீங்கான் கம்பெனியின் முதலாளி அதை வைத்திருந்தார். ஓட்டியவர் லோகநாதன். அவர் மனைவி அஞ்சலை அதே கம்பெனியில் ஜாடிகளைத் தட்டிப் பார்க்கிற வேலையில் இருந்தார். சூளையிலிருந்து வெளியே வருகிற ஒவ்வொரு ஜாடியையும் ஒரு சின்ன மரக்குச்சியால் தட்டுவார். ‘ணங்’ என்றால் நல்லது. ‘டப்’ என்றால் உள்ளே விரிசல், ஒதுக்கிவிடுவார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே வேலை. அந்தக் காதுக்கு அவ்வளவு பழக்கம்.

முதலாளி மகனுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு ஆமைக் காரைத்தான் ஓட்ட வேண்டும், பெயிண்ட் அடித்துப் புதுசாக்கிக் கொடு என்று என்னிடம் விட்டார்கள். நாலு நாள் கெடு. அடிப்பக்கம் மண்ணைச் சுரண்டிக் கழுவும்போது பார்த்தேன். எஞ்சினுக்குக் கீழே, இடது முன் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தில், மயிர் அளவுக்கு ஒரு கோடு. நகத்தை வைத்து இழுத்தேன். நகம் மாட்டியது.

நகம் மாட்டினால் விரிசல். இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதலாளியிடம் சொல்லியிருந்தால் எஞ்சினை இறக்க வேண்டும், சக்கரத்தைக் கழற்ற வேண்டும், பத்து நாள் ஆகும். மாப்பிள்ளைக்கு வேறு கார் பார்த்திருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும். ஆனால் ஊரே பார்க்கப் போகிற ஊர்வலத்தில் என் பெயிண்ட் பளபளக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கல்யாணம் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கோட்டின் மேல் சிவப்பு பிரைமர் அடித்தேன், அதன் மேல் கருப்பு அடித்தேன். கோடு போய்விட்டது.

கல்யாணம் முடிந்து முதலாளி வீட்டிலிருந்து தாம்பூலமும் வேட்டியும் வந்தன. போய் நின்றேன். வாசலில் கட்டிய வாழை மரம்கூட இன்னும் வாடவில்லை. புதுப்பெண் வந்து கால் தொட்டுக் கும்பிட்டது. நல்ல காரியம் நடந்த வீட்டில் ‘விரிசல்’ என்ற வார்த்தையை எப்படி வாயில் எடுப்பது? ஆடி கழியட்டும் என்று திரும்பிவிட்டேன். ஆடி கழிந்தது. அந்த வருஷமும் கழிந்தது. பிறகு மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய். அந்த வண்டி என் ஷெட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என் கண் அதன் இடது சக்கரத்துக்குத்தான் போகும். லோகநாதன் ஹாரனைத் தட்டிக் கையைக் காட்டுவார். நானும் காட்டுவேன்.

நாலு வருஷம் கழித்து, வேப்பூரிலிருந்து திரும்பும்போது வண்டி சாலையை விட்டு இறங்கிப் புளியமரத்தில் மோதியது. பின்சீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த முதலாளிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஊன்றுகோல் அதற்கப்புறம் அவர் கையை விட்டுப் போகவில்லை. லோகநாதனுக்கு நெற்றியில் ஏழு தையல்.

“வண்டி தானா இடது பக்கம் இழுத்துச்சுங்க. நான் ஸ்டீரிங்க ஒடிச்சுப் பாத்தேன், கேக்கல” என்று அவர் ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார். யாரும் நம்பவில்லை. முந்தின நாள் திருச்சிக்குப் போய் வந்திருந்தார். கண் அசந்துவிட்டான் என்று முதலாளி வீட்டில் முடிவு செய்தார்கள். வேலை போயிற்று. பெரிய மனசு பண்ணி, அதே கம்பெனியில் மண் மூட்டை தூக்குகிற வேலை கொடுத்தார்கள். அப்புறம் ஊரில் யாரும் அவர் கையில் ஒரு வண்டிச் சாவியைக் கொடுக்கவில்லை. ‘தூங்குமூஞ்சி லோகு’ என்று பேர் வந்துவிட்டது. கார் ஸ்டாண்டு பக்கம் அவர் மூட்டையோடு போனால், “லோகு, தலகாணி எடுத்தாந்தியா?” என்று ஒருவன் கேட்பான். “ஏய், சத்தம் போடாதடா, எழுந்துக்கப் போறாரு” என்பான் இன்னொருவன். லோகநாதனும் சிரித்துவிட்டுப் போவார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அதையும் என் சுவரில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. விபத்துச் செய்தி காதில் விழுந்த அந்த நிமிஷமே எனக்குத் தெரியும், தம்பிகளே. எந்தப் பக்கம் இழுத்தது என்று கேட்டேன். இடது பக்கம் என்றார்கள். அப்புறம் நான் எதையும் கேட்கவில்லை.

நொறுங்கிய வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கம்பெனிச் சூளைக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். இரண்டு வருஷம் அங்கே கிடந்தது. அது அப்படியே துருப்பிடித்து மண்ணாகிப் போகட்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன்.

இரண்டாயிரத்து நாலோ அஞ்சோ, முதலாளியின் மகன் சென்னையிலிருந்து வந்தார். பழைய கார்களுக்கு அங்கே மதிப்பு வந்துவிட்டது, ஆமையை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். வண்டி கயிறு கட்டி இழுத்து என் ஷெட்டுக்கே வந்து சேர்ந்தது. வேறெங்கே போகும்?

அப்பாவும் மகனும் வந்து நின்றார்கள். முதலாளி ஊன்றுகோலை நசுங்கிய மட்கார்டை நோக்கி நீட்டினார். “மரத்துல இடிச்ச அடையாளமே இருக்கக் கூடாது” என்றார். மகன் சொன்னது வேறு. “மேஸ்திரி, முடிஞ்ச வரைக்கும் பழைய இரும்பையே வையுங்க. பழசு இருந்தாத்தான் மதிப்பு. புதுசா ஒட்டுப் போட்டா அது ஆமை இல்ல, ஆமை மாதிரி.”

நல்ல வார்த்தை. வேறு நாளாக இருந்தால் சுவரில் ஏறியிருக்கும்.

இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். பழைய அடியைச் சரி செய்ய எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, கோணிய சட்டத்தைச் சூடு காட்டி இழுத்து நிமிர்த்தி, மேலே தகடு வைத்து வெல்டிங் செய்து மூடுவது. பழைய இரும்பு அப்படியே இருக்கும், மகன் கேட்டதும் அதுதான். என் விரிசலும் தகட்டுக்குள் போய்ச் சமாதியாகிவிடும். இன்னொன்று, அந்தச் சட்டத்தை முழுசாக அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்து வைப்பது.

இரண்டு நாள் யோசித்தேன். முதல் வழி என்னைப் பார்த்து வா வா என்றது. ஆனால் நிமிர்த்திய இரும்பு களைத்த இரும்பு. அதிலும் விரிசல் விட்டது. தகட்டுக்குள்ளே அது நடந்துகொண்டே இருக்கும். நாளைக்கு இந்த ஆள் சென்னையில் பெண்டாட்டி பிள்ளையோடு பாலத்தின் மேல் போகும்போது என்ன ஆகும்? இன்னொரு தரம் என்னால் முடியாது என்று தோன்றியது. அறுத்து எடுப்பது என்று முடிவு செய்தேன். அந்த முடிவை எடுத்த அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மகனிடம் போனில் சொன்னேன். “தம்பி, அந்த எடத்த துரு தின்னுடுச்சு. மாத்தித்தான் ஆவணும்.”

வேலை சரியான வேலை. சொன்ன காரணம் பொய். இந்த இரண்டும் ஒரே மனுஷனுக்குள் ஒன்றாகக் குடியிருக்கும் என்பதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மோசமான வேலை செய்கிறவனை ஊர் கண்டுபிடித்துவிடும். நல்ல வேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவனைக் கண்டுபிடிப்பது சிரமம்.

அறுப்பதற்கு முந்தின நாள் அஞ்சலை வந்தார். சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியிலிருந்து நடந்தே வந்திருந்தார். கையில் தட்டுகிற குச்சி.

“மேஸ்திரி, ஆமைய பாத்துட்டுப் போறேங்க. கோவிச்சுக்காதீங்க.”

“பாரும்மா. பாக்குறதுக்கு என்னா.”

சக்கரம் கழற்றி முட்டுக் கொடுத்து நின்ற வண்டியின் முன்னால் குந்தினார். வலது சட்டத்தைத் தட்டினார். இடது சட்டத்தைத் தட்டினார். மறுபடி வலது. மறுபடி இடது; கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி. ஒரு இடத்தில் நிறுத்தினார். சரியாக அந்த இடம்.

“இங்க சத்தம் செத்துப் போவுது. இடிச்சதுல வந்ததா இல்ல முன்னாடியே இருந்துச்சான்னு தெரியல. பிரிக்கிறப்ப என்னைய ஒரு வார்த்த கூப்புடுறீங்களா? உள்ள எப்புடி இருக்குதுன்னு பாத்துக்கிறேன்.”

ஷெட்டில் என்னோடு வேலை செய்த இரண்டு பேர், பக்கத்து வெல்டிங் கடைக்காரர், டீ கொண்டுவந்தவர் எல்லோரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டியோடு பூட்டிக் கிடக்கிற இரும்பு, ஜாடி மாதிரிப் பேசாது என்று நான் தொழில் நியாயம் பேசியிருக்கலாம். அதில் பாதி உண்மையும் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. என் கையில் எப்போதும் தயாராக இருப்பதை எடுத்தேன்.

“ஏம்மா அஞ்சலை, கொல்லன் தெருவுல வந்து ஊசி விக்கிறியே!”

எல்லோரும் சிரித்தார்கள். வெல்டிங் கடைக்காரர் விடவில்லை. “அப்புடியே என் சைக்கிளையும் தட்டிப் பாரு தாயி, ஊறுகா போடலாமான்னு.” மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அஞ்சலை எழுந்தார். குச்சியின் நுனியில் ஒட்டியிருந்த கரியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். “போயிட்டு வரேங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சொற்களைச் சேர்த்து வைக்கிறவன் என்று என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறீர்கள். அன்றைக்கு நான் சொன்னதும் நம் முன்னோர் சொல்தான். பள்ளத்தைப் பட்டி வைத்து மெழுகுவது மாதிரி, ஒரு பொம்பளையின் நியாயமான கேள்வியை அதை வைத்து மெழுகினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. விரிசலை மறைத்ததைவிட இதற்குத்தான் எனக்கு வெட்கம் அதிகம்.

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்துச் சட்டத்தை அறுத்தேன். இரண்டு முழ நீளம் இருக்கும். விரிசல் இருந்த இடத்தில் பாதிக்கு மேல் பிளந்து தொங்கியது. ஒரு முறுக்கு முறுக்கினேன், வாய் திறந்துகொண்டது. உடைந்த முகத்தில் முக்கால் பங்கு வெறும் துரு. மீதி இடத்தில், விரல் நகத்தின் ஆழத்துக்கு, சிவப்பும் அதன் மேல் கருப்பும். நான் அடித்த பிரைமர், நான் அடித்த பெயிண்ட். உள்ளே ஓடிப்போய்க் காய்ந்திருந்தது. பெயிண்ட் அடித்த அன்றைக்கே அங்கே வாய் திறந்திருந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அந்த வண்டிக்கு என்னைத் தவிர வேறு யாரும் பெயிண்ட் அடித்ததில்லை என்பது ஊருக்கே தெரியும்.

கம்ப்ரசருக்குப் பின்னால் சாக்கைப் போட்டு மூடி வைத்தேன். காயலான் கடைக்காரர் இரண்டு தரம் வந்து போனார். போடவில்லை. மனசாட்சி என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கும் இரும்பு படிக்கத் தெரியும், அந்தப் பயம்தான்.

ஒன்பது நாள் வேலை. புதுச் சட்டம் என் கையால் செய்ததிலேயே நல்ல வேலை. மட்கார்டைச் சுத்தியலால் தட்டியே எடுத்தேன். பட்டி விரல் கனம்கூட வைக்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். புகழப் புகழ எனக்குச் சோறு இறங்கவில்லை.

வண்டி சென்னைக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது லோகநாதன் வந்தார். மண் மூட்டை இறக்கிவிட்டு வருகிறார், மேலெல்லாம் வெள்ளை. ஆமையைச் சுற்றி வந்தார். கை அழுக்காக இருந்ததால் தொடவில்லை. புறங்கையை மட்டும் பானட்டின் மேல் ஒரு தரம் வைத்து எடுத்தார்.

“நல்லா பண்ணியிருக்கீங்கண்ணா. பொண்ணு மாதிரி இருக்குது.”

“ஏதோ பண்ணேன் லோகு.”

குனிந்து இடது சக்கரத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார். “உள்ள பிரிச்சுப் பாத்தீங்கல்ல. இரும்புல ஒண்ணும் இல்லதானண்ணா?”

கேட்டேவிட்டார். என்ன ஒரு வாய்ப்பு பாருங்கள். ஒரே வார்த்தை. ஷெட்டில் அப்போது வேறு யாரும்கூட இல்லை.

“துருதான் லோகு” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. ஏதோ கணக்கு நேரானது போல ஒரு முகம்.

“அப்ப நான் தூங்கித்தாண்ணா இருப்பேன். எனக்கு அப்புடி ஞாபகம் இல்ல. ஸ்டீரிங்க ஒடிச்சதுதான் ஞாபகம் இருக்குது. ஆனா இத்தினி பேரு சொல்றாங்க, எல்லாருமா பொய் சொல்லுவாங்க? தூங்குறவனுக்கு தூங்குனது தெரியுமா என்னா?” சிரித்தார். “அஞ்சலதான் ரெண்டு வருசமா எனக்காவ எல்லார்கிட்டயும் சண்ட புடிச்சிக்கினு இருக்கா. வுட்டுடும்மான்னு சொல்லிடுறேன். பெரியவருக்கு இடுப்பு போனது என்னாலதான். ஒத்துக்கினா மனசு ஆறும்.”

போய்விட்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு ஆளின் வேலையை எடுத்தேன், பேரை எடுத்தேன். கடைசியில் அவர் கண்ணால் பார்த்து வைத்திருந்ததையும் அவரிடமிருந்து எடுத்துவிட்டேன். வண்டி ஓட்டி விழுந்த ஒருவர், தான் விழித்திருந்தோமா இல்லையா என்பதை என்னிடம் வந்து கேட்டுக்கொண்டு போகிறார். அதற்கும் பொய் சொல்லி அனுப்பினேன்.

அப்போதாவது எழுந்து பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன்.

இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். முதலாளி சாகும்வரை என்னோடு பேசவில்லை. ஆனால் லோகநாதனை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார். ஒரு மழைக்காலம் முழுக்க என் ஷெட்டுக்கு வண்டி வரவில்லை, நியாயம்தான். லோகநாதன் அப்புறம் ஸ்கூல் வேன் ஓட்டினார், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நான் கார் ஸ்டாண்டில் நின்று, டிரைவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி என் தப்பைச் சொன்னேன் என்பதும் உண்மைதான். அங்கே நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைத்தான் நீங்கள் சொல்லும் கதையில் யாரும் சொல்வதில்லை.

லோகநாதன் வந்து போன மறுநாள் மத்தியானம் அஞ்சலை வந்தார். ஷெட்டில் அன்றைக்குச் சிரித்த அதே ஆட்கள் இருந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக வண்டிக்குப் போய்க் குனிந்தார். புதுச் சட்டத்தைத் தட்டினார். கோயில் மணி மாதிரி இல்லையென்றாலும் சுத்தமான சத்தம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தட்டினார்.

“நல்லா இருக்குது மேஸ்திரி. இதுல பழுது இல்ல” என்றார். மனதாரச் சொன்னார். அதுதான் என்னைக் குத்தியது. பிறகு நிமிர்ந்தார்.

“நேத்து வூட்டுக்கு வந்து, ‘நான் தூங்கிட்டேன் அஞ்சல’ன்றாரு. ரெண்டு வருசத்துல அந்த வாயிலேர்ந்து இப்பத்தான் வருது. சோறு போட்டா நல்லா சாப்புடுறாரு, நிம்மதியா இருக்குதுன்றாரு. எனக்கு பயமா இருக்குது. நீங்க என்னா சொன்னீங்க அவருகிட்ட?”

“துருன்னு சொன்னேன்.”

“பழைய சட்டம் எங்க?”

“போட்டாச்சும்மா. காயலான் கடையில.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உப்புத்தாளை மடித்துக்கொண்டிருந்தேன்; மடித்ததையே மறுபடி மடித்தேன்.

“எங்க கம்பெனியில ஒரு வழக்கம் இருக்குதுங்க” என்று ஆரம்பித்தார். “சூளைக்கு முன்னாடியே விரிசல் வுட்ட ஜாடிய மெழுவி உள்ள வெச்சிருவாங்க சில பொண்ணுங்க. மேல பளபளன்னு பூச்சு வந்துரும், கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் லோடு ஏத்துறவன் கையில அது ஒடையும். அவன்தான் போட்டு ஒடைச்சான்னு எல்லாரும் கத்துவாங்க. ஜாடி ஒடைஞ்சுதுன்னா, யாரு ஒடைச்சதுன்னு நாங்க முதல்ல கேக்க மாட்டோம் மேஸ்திரி. ஒடைஞ்ச வாயத்தான் பாப்போம். அது சொல்லிடும். வாய் வெள்ளையா இருந்தா தூக்குனவன் தப்பு. உள்ள பூச்சு ஓடி இருந்துதுன்னா, அது சூளைக்கு முன்னாடியே வாயத் தொறந்தது. மெழுவுனவ தப்பு.”

பூச்சு உள்ளே ஓடியிருந்தால். அவர் அந்தச் சட்டத்தைப் பார்த்ததே இல்லை.

நான் கம்ப்ரசருக்குப் பின்னால் போனேன். சாக்கை விலக்கிச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தேன். நானாகக் கொண்டுவந்து வைத்தேன் என்று சொல்லாதீர்கள். ஓட இடமில்லாமல் வைத்தேன்.

குந்தி உட்கார்ந்து உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். கருப்பு உதிர்ந்தது. அதன் கீழே சிவப்பு.

“இது யாரு அடிச்சது?”

“நான்.”

“அடிக்கிறப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

கையில் இருக்கிற குச்சியால் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “மன்னிச்சிரும்மா” என்று ஆரம்பித்தேன்.

“எங்கிட்ட சொல்லாதீங்க” என்றார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்தார். ஒரு காலத்தில் மண் கூடை தூக்கிப் பழகிய தலை. “ஒரு கை தூக்கி வுடுங்க.” நான் அந்தச் சட்டத்தைத் தூக்கி அவர் தலையில் வைத்தேன். அவர் கழுத்து அசையவில்லை. இரண்டு பக்கமும் சமமாக வரும்படி ஒரு தரம் நகர்த்திக்கொண்டார்.

“ஸ்டாண்டுல டிரைவருங்கள்ளாம் சாப்புட்டு வந்திருப்பாங்களா இந்நேரம்?”

“வந்திருப்பாங்க.”

“அப்ப நீங்க முன்னால நடங்க மேஸ்திரி. நான் தூக்கியாரேன். நீங்க சொல்லுங்க.”

அவர் வாசலில் இறங்கி ரோட்டோரம் நின்றார். நான் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொள்ளும் வரை, அந்த வெயிலில், தலைச்சுமையோடு, எனக்காகக் காத்து நின்றார்.